எதிர்க்காற்று

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மனிதன் தன் கால் வலிமையை நம்பிப் படைத்த கருவிகளில் மிதிவண்டிக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம். 1817-இல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் மிதிகட்டை இல்லாத ஒரு மரவண்டியில் அமர்ந்து, கால்களால் தரையை உந்தி ஓட்டிக் காட்டினார். 1885-இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் இன்றைய வடிவத்தைத் தந்தார். 1888-இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரைக் கொணர்ந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ மெருகுகள் ஏறியிருந்தாலும் அடிப்படை மாறவில்லை. நடந்து செல்பவர் செலவிடும் ஆற்றலைக் கொண்டே அவரைவிட மூன்று மடங்கு விரைவாகச் செல்ல முடிகிறது என்றால், இதைவிடச் சிக்கனமான எந்திரம் எது?

நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த எந்திரம் இன்னொரு வேலையையும் செய்தது. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் இதற்குத் துணை நின்றார். 1992 மார்ச் 8, உலக மகளிர் நாளன்று, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய மிதிவண்டிகளில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் வந்தார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிப் போட்டிகளில் பங்கு கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான வண்டிகள் போதவில்லை. ஆண்கள் வண்டியிலேயே ஏறிக் கற்றார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தைக்கு ஓர் இருக்கை பொருத்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

அப்படிக் கற்றவர்களில் ஒருவர் என் அம்மா. அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. அறிவொளி வகுப்பில் அம்மாச்சி கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருந்த அதே மாதங்களில், கண்மாய்க் கரையில் அம்மா குரங்குப் பெடல் போட்டுக் கற்றார். எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றுவிட்டது. மிதிவண்டி மட்டும் நிற்கவில்லை. இன்றும் முல்லைப்பூக் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியற்காலையில் புதுக்கோட்டைக்கு மிதிக்கிறார். என் தந்தை கல்குவாரித் தொழிலாளி. எங்கள் இரு வழிக் குடும்பத்திலும் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான்.

இரண்டாவது ஆள் யார் என்பதில்தான் சென்ற கோடையில் சிக்கல் வந்தது.

என் மாமன் மகள் பிளஸ் டூ தேறியிருந்தாள். நல்ல மதிப்பெண். கலந்தாய்வுக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. ஆனால் அவளுடைய ஊர் பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நாளைக்கு இரண்டே முறை பேருந்து வரும். கல்லூரி நேரத்துக்கும் அதற்கும் பொருத்தமில்லை. 2021 முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பது உண்மைதான். வராத பேருந்தில் கட்டணம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஊரிலிருந்து நம் கல்லூரி 11 கிலோமீட்டர். "சைக்கிளில் போகிறேன்" என்றாள். பிளஸ் ஒன் வகுப்பில் அரசு கொடுத்த வண்டி வீட்டில் இருக்கிறது.

மாமா கெட்ட மனிதரல்லர். மகள் மீது உயிர். அவர் சொன்னது இதுதான்: "போகப் பதினொண்ணு, வரப் பதினொண்ணு. வெயில் இருக்கு, காத்து இருக்கு, மழை இருக்கு. ஒரு வாரம் போவா, அப்புறம் படுத்துருவா. சீட்டும் போயி, பேரும் போயிரும்." இதற்குள் தூரத்து உறவில் ஒரு வரன் பற்றிய பேச்சும் வீட்டில் நடமாடத் தொடங்கியிருந்தது.

வாதாடிப் பார்த்தோம். பயனில்லை. அப்போதுதான் அம்மா, "மீமிசல்ல பெரியம்மா வீட்டுக்குச் சைக்கிள்லேயே போயிட்டு வாங்க. வந்து சேந்தா அண்ணன்கிட்ட நான் பேசுறேன்" என்றார். தன் பதினைந்து வயதில் அம்மா போக விரும்பி, யாரும் விடாத பயணம் அது. என் வகுப்புத் தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். ஆக மூன்று பெண்கள், கியர் இல்லாத மூன்று மிதிவண்டிகள். 2025 ஜூன் முதல் வாரம், வைகாசியின் பின்பாதி.

எங்கள் ஊர் புதுக்கோட்டைக்கு மேற்கே 8 கிலோமீட்டர். அங்கிருந்து அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் வழியாகக் கடற்கரையில் உள்ள மீமிசல் வரை 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போகும் நாளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. மேல்காற்று முதுகைத் தள்ள, அதிகாலையில் புறப்பட்ட நாங்கள் பிற்பகலுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா எங்களைப் பார்த்த பார்வையும், கடலில் கால் நனைத்ததும், இரவு சாப்பிட்ட மீன்குழம்பும் இனிய நினைவுகள். சொல்ல வேண்டியது திரும்பி வந்த நாளைப் பற்றித்தான்.

சமவெளியில் மிதிப்பது எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். மேடில்லை, பள்ளமில்லை, பிறகென்ன என்பார்கள். மலைச்சாலையில் ஏறுபவனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஏற்றத்தில் செலவழித்த ஆற்றல் நிலையாற்றலாகச் சேமிக்கப்படுகிறது. இறக்கத்தில் அது வட்டியில்லாமல் திரும்பக் கிடைக்கும். புவியீர்ப்பு நாணயமான கடன்காரன். காற்றின் தடை அப்படியன்று. வாங்கியதை வாங்கியதுதான். எதிர்க்காற்றில் செலவழித்த ஒரு ஜூலும் திரும்பி வராது. இதை வகுப்பில் காப்பு விசை, காப்பற்ற விசை என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். அன்று தொடை வலியில் படித்தேன்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கடற்கரையைவிடப் புதுக்கோட்டை ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி, பை, ஆள் எல்லாம் சேர்த்து 75 கிலோ என்றால், அந்த உயரத்துக்கு ஏற்ற 73,500 ஜூல் போதும். அதாவது பதினேழரை கிலோகலோரி. உடல் எந்திரத்தின் திறன் நான்கில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 70 கிலோகலோரிதான். ஒரு துண்டு கடலை மிட்டாயில் அடங்கிவிடும். காற்றின் கணக்கு வேறு. காற்றுத் தடை சார்பு வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மணிக்கு 12 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் சார்பு வேகம் 32. தடை, காற்றில்லாத நாளைப்போல் ஏழு மடங்கு! எங்கள் சாலை வடமேற்காகப் போகிறது. காற்று மேற்கிலிருந்து வருகிறது. 45 பாகை சாய்ந்து வீசினாலும் தடை ஐந்து மடங்குக்கு மேல் இருக்கும். போதாததற்கு, பக்கவாட்டில் வண்டியைச் சாய்க்கவும் பார்க்கும்.

பெரியம்மா எங்களை வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. இட்லி அவித்து, புளிச்சோறு கட்டி, மோரில் உப்புப் போட்டு நிரப்பி, திருநீறு பூசி வழியனுப்பும்போது மணி ஏழு. முதல் ஒரு மணி நேரம் சுகமாகப் போயிற்று. இறால் பண்ணைகளைத் தாண்டினோம். உவர்மண் பூத்த தரிசு தொடங்கியது.

அந்த வெளியை அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி மழையை நம்பிய ஒருபோக நிலம் அது. தை மாசியில் அறுவடை முடிந்தால் அப்புறம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். வைகாசியில் கண்மாய்கள் எல்லாம் வெடித்த களிமண் பாளங்கள். வயலில் தாளடி கூட ஆடு மேய்ந்து முடிந்திருக்கும். தொலைவில் பனைகள் நிற்கும். அவை நிழல் தருவதற்கல்ல, தூரத்தைக் காட்டுவதற்கு. சாலையோரம் சீமைக்கருவேல் உண்டு. அதன் அடியில் உட்கார முடியாது. வெயில் ஏறியதும் சாலையின் கோடியில் கானல்நீர் மின்னும். சூடான காற்றடுக்கில் ஒளி வளைந்து வானத்தையே தரையில் காட்டுகிறது என்று தெரியும். தெரிந்திருந்தும் தண்ணீர் என்றுதான் கண் நம்புகிறது.

எட்டரை மணிக்குக் காற்று எழுந்தது. முதலில் பனையோலை சலசலத்தது. பிறகு கழுத்துத் துப்பட்டா பின்னால் பறந்தது. அடுத்த கால் மணி நேரத்தில், மிதிப்பதை நிறுத்தினால் வண்டி சில அடிகளில் நின்றுவிடும் நிலை வந்தது. நாங்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக வந்தோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருபவருக்குச் சுமை குறையும். பறவைக் கூட்டமும் இப்படித்தான் தலைமையை மாற்றிக்கொள்ளும் என்பார்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும் ஆள் மாறினோம். காற்று இடப்பக்கம் முன்னிருந்து வந்ததால், முழு மறைவு வேண்டுமென்றால் பின்னால் வருபவர் சற்று வலப்பக்கம் விலகி வர வேண்டும். வலப்பக்கம் என்றால் சாலையின் நடு. பேருந்தும் லாரியும் வரும் சாலையில் அது நடக்கிற காரியமா? ஒரு டயர் அகலத்துக்கு மட்டும் விலகி, கிடைத்த மறைவைப் பெற்றுக்கொண்டோம்.

ஒன்பது மணிக்குத் தோழியின் பின்சக்கரம் தரையோடு ஒட்டியது. கருவேல முள்! அடுத்த பஞ்சர் கடை ஆவுடையார்கோயிலில்தான். ஆனால் அம்மா எங்களை வெறுங்கையோடு அனுப்பியிருக்கவில்லை. வண்டியைக் கவிழ்த்து வைத்தோம். சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை ஸ்பூனால் நெம்பி, டியூபை வெளியே இழுத்தோம். காற்றடித்துக் காதருகே வைத்துக் கேட்டால், வீசுகிற காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. குடிக்கிற தண்ணீரில் ஒரு கை எடுத்து டியூபின் மேல் தடவிக்கொண்டே வந்தோம். ஓரிடத்தில் நுரை கொப்பளித்தது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்து, ரப்பர் துண்டை ஒட்டி அழுத்தினோம். டயரின் உட்புறத்தை விரலால் தடவி, ஒடிந்து நின்ற முள்முனையைப் பிடுங்கினாள் மாமன் மகள். அதை விட்டிருந்தால் நூறடிக்குள் மறுபடியும் பஞ்சர் ஆகியிருக்கும். அந்த வழியே ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றி நின்று முழு வேலையையும் பார்த்துவிட்டு, "பொட்டப்புள்ளைக பஞ்சர் ஒட்டுறத இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிப் போனார். பாராட்டா, கேலியா தெரியவில்லை. முக்கால் மணி நேரம் போயிருந்தது. வெயில் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

பதினொரு மணி இருக்கும். ஆவுடையார்கோயிலுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் என்று கல் சொன்னது. முன்னால் போய்க்கொண்டிருந்த மாமன் மகளின் வண்டி கோணல்மாணலாகப் போவதைப் பார்த்தேன். கூப்பிட்டேன்; திரும்பவில்லை. சாலையோரம் வண்டியை நிறுத்தி இறங்கியவள், அதைச் சாய்க்கக்கூட இல்லாமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "தல சுத்துதுக்கா" என்றாள். காலையில் சாப்பிட்ட இட்லி முழுதும் வெளியே வந்தது. கெண்டைக்கால் கல்லாய் இறுகித் துடித்தது. அந்த வெயிலில் அவளுடைய கை சில்லென்று இருந்தது.

சுற்றிலும் பார்த்தேன். நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரு வண்டிகளைச் சேர்த்து நிறுத்தி, மேலே துப்பட்டாக்களைக் கட்டி, அவள் தலைக்கு நிழல் செய்தோம். காற்று அதையும் பிடுங்கப் பார்த்தது. தோழி இரண்டு கையாலும் முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோரில் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டோம். கால்களைப் பையின் மேல் தூக்கி வைத்தோம். அந்தப் பத்து நிமிடத்தில் நான் நினைத்தது மாமாவின் சொல்லைப் பற்றியல்ல. இவளுக்கு ஏதேனும் ஆனால் என்ற ஒன்றைத் தவிர வேறு நினைவே வரவில்லை. காற்று, கணக்கு, கல்லூரி எல்லாம் எங்கோ போய்விட்டன.

மீமிசல் பக்கமிருந்து ஒரு குட்டி யானை வண்டி வந்தது. மீன் ஏற்றிய வண்டி. ஓட்டுநருக்கு அருகில் அவர் மனைவி. நாங்கள் கை காட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாள் இறங்கிய வேகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து மீனுக்குப் போட்ட ஐஸை ஒரு துண்டில் அள்ளி முடிந்து, அவள் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். மீன் வாடையோடு அந்தக் குளிர்ச்சி ஏறியதும் மாமன் மகள் கண் திறந்தாள். "ஏத்துங்க மூணு சைக்கிளையும். அறந்தாங்கியில எறக்கி விடுறோம். வேணும்னா புதுக்கோட்டைக்கே வாரோம்" என்றார் அந்த அம்மாள்.

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மாமன் மகள் முந்திக்கொண்டாள். "கோயில் வரைக்கும் போதும் பெரியம்மா. நெழல்ல கொஞ்சம் படுத்தாச் சரியாயிரும்." குரல் தழுதழுத்தது, ஆனால் சொல் தெளிவாக இருந்தது. அவளையும் தோழியையும் இரண்டு வண்டிகளையும் ஏற்றி அனுப்பிவிட்டு, என் வண்டியை நான் மிதித்தேன். அந்த மூன்று கிலோமீட்டர் எனக்கு அன்றைய நாளிலேயே நீளமானது. கோயிலை அடைந்தபோது அவர்கள் காசு வாங்க மறுத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆவுடையார்கோயில் என்னும் திருப்பெருந்துறை, மாணிக்கவாசகரோடு தொடர்புடைய தலம் என்பதை நம் தமிழ்த் துறையினர் அறிவர். கருவறையில் லிங்கத்தின் பாணம் இல்லை. ஆவுடையார் மட்டுமே உண்டு. மரத்தால் செய்தது போலக் கல்லை இழைத்து, சட்டமும் ஆணியும் தெரியச் செதுக்கிய அதன் கொடுங்கைகளைப் பார்க்கத் தொலைவிலிருந்தும் ஆள்கள் வருகிறார்கள். அன்று எனக்கு அந்தக் கல்தச்சர்கள் மீது வேறொரு காரணத்தால் மதிப்பு வந்தது. வெளியே நெருப்பு வீசும் உச்சி வேளையில், முன்மண்டபத்துக் கல் குளிர்ந்திருந்தது! தடித்த கல் சூடேறுவதற்குள் மாலை வந்துவிடுகிறது. அங்கே அவளைப் படுக்க வைத்தோம். தோழி மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். வாங்கி வந்தாள். அரை மணிக்கு ஒரு குவளை என்று குடிக்கச் செய்தோம். இரண்டு மணிக்கு அவள் சிறுநீர் கழித்து வந்தாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பிறகு புளிச்சோற்றில் நான்கு வாய் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்கு நான் அவளிடம் பேசினேன். "பஸ்ஸில் போய்விடு. வண்டியை இங்கே தெரிந்த கடையில் விட்டு, நாளைக்கு எடுத்துக்கொள்வோம். உடம்பு முக்கியம்" என்றேன். அவள் சற்று நேரம் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, இன்னைக்கு எழுபது கிலோமீட்டர் ஓட்ட முடியலன்னா அது உடம்பு. தெனம் பதினொண்ணு ஓட்ட முடியாதுன்னு முடிவு பண்ணுனா அது வேற. அறந்தாங்கி பதினாலு கிலோமீட்டர். அதுவரைக்கும் பாப்போம். முடியலன்னா அங்க பஸ் ஏறுறேன்" என்றாள். பிளஸ் டூவில் இவளுக்குக் கணக்கில் அதிக மதிப்பெண் ஏன் வந்தது என்று அப்போது புரிந்தது.

மூன்றரைக்குப் புறப்பட்டோம். அவளை நடுவில் விட்டு, முன்னால் நாங்கள் இருவர் மட்டும் மாறி மாறிக் காற்றை வாங்கினோம். தென்வெள்ளாற்று மணலைத் தாண்டும்போது காற்று இன்னும் மேற்கிலிருந்தே அடித்தது. சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லை என்று சொல்லப்படும் ஆறு. ஒரு சொட்டு நீர் இல்லை. மிதி, மிதி என்பதைத் தவிர யாரும் பேசவில்லை. அறந்தாங்கிக்குச் சற்று முன்பு ஒரு மாற்றம் வந்தது. முகத்தில் அறைந்துகொண்டிருந்தது தளர்ந்தது. சிறிது நேரம் ஒன்றுமே வீசவில்லை. பிறகு பின்கழுத்தில் ஏதோ குளிர்ந்தது. கடற்காற்று! பகலெல்லாம் நிலம் சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து வரும் காற்று. ஏழாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்த அதே காற்று, எங்கள் முதுகில் கை வைத்துத் தள்ளியது.

ஐந்தே காலுக்கு அறந்தாங்கி பேருந்து நிலையம். புதுக்கோட்டைப் பேருந்து எதிரே உறுமிக்கொண்டு நின்றது. அவள் அதைப் பார்த்தாள்; டீக்கடையைப் பார்த்தாள்; "எனக்கு ரெண்டு வடை" என்றாள். கேள்வி முடிந்தது.

அங்கிருந்து புதுக்கோட்டை 33 கிலோமீட்டர். பொழுது சாய்ந்தது. வானில் நிலா இருந்தது; வைகாசி விசாகத்தை ஒட்டிய நாள்கள் என்பதால் நல்ல வெளிச்சம். என்றாலும் சாலையோரப் பள்ளங்கள் தெரியவில்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டார்ச். ஏழரை மணியளவில் எதிரே ஒரு டி.வி.எஸ். 50 வந்து, எங்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது. மாமா! அம்மாவிடம் சேதி கேட்டுப் புறப்பட்டிருக்கிறார். மகள் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் காய்ந்திருந்த உப்பைப் பார்த்தார். "ஏறு பின்னால" என்றார்.

"இல்லப்பா. வந்துட்டேன்ல" என்றாள்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவரைத் திட்ட விடவும் கூடாது, அவர் மனம் நோகவும் கூடாது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் வண்டியைத் திருப்பி, எங்களுக்குப் பின்னால் வந்து நின்று, முகப்பு விளக்கைச் சாலை மேல் விழும்படி பிடித்தார். நாங்கள் மிதித்தோம். பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் அந்த வண்டியை ஓட்டுவது எளிதன்று. எஞ்சின் இருமும், அணைந்துபோகும். அணைந்த போதெல்லாம் மறுபடி உதைத்துக் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தார். லாரி வரும்போது மட்டும் ஒலிப்பானை அழுத்தி, நடுவில் தன் வண்டியை விட்டு எங்களை ஓரத்தில் வைத்துக்கொண்டார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம், ஒரு சொல் இல்லாமல் அப்படியே வந்தார்.

வீடு வந்தபோது ஒன்பதே முக்கால். அம்மா வாசலில் நின்றார். வண்டியை நிறுத்தியதும் மாமன் மகள் முதலில் சொன்ன வார்த்தை: "மூணு கிலோமீட்டர் மீன் வண்டியில வந்தேன்ப்பா. மயக்கம் வந்துருச்சு. பொய் சொல்லக் கூடாதுல்ல." எனக்குத் திக்கென்றது. மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "காலேசு பதினொண்ணுதானே? மூணக் கழிச்சாலும் மிச்சம் கெடக்கு" என்றார். அம்மா திரும்பி நின்று சிரித்தார். பேச வேண்டியதில்லாமல் போயிற்று.

இந்தக் கட்டுரை மகிழ்ச்சியான முடிவுடைய கதையாகத் தோன்றலாம். அதற்காக நான் எழுதவில்லை. நினைத்துப் பார்த்தால், ஒரு பெண் நாள்தோறும் 11 கிலோமீட்டர் போய்ப் படிக்கலாம் என்பதற்கு, ஒருநாள் 80 கிலோமீட்டர் மிதித்து மயங்கி விழுந்து சான்று காட்ட வேண்டியிருந்தது. பையன்களிடம் யாரும் இந்தச் சான்றைக் கேட்பதில்லை. 1992-இல் என் அம்மாவின் தலைமுறை ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்து காட்டிய சான்று, முப்பத்து மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிட்டதா? ஒவ்வொரு மகளும் புதிதாகக் காட்ட வேண்டுமா? ஒவ்வொரு மிதியிலும் திரும்பி வராத ஆற்றலை வாங்கிக்கொள்ளும் அந்தக் காற்றைப் போலத்தான் இதுவும்.

ஆனால் முன்னால் ஒருவர் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருபவருக்குச் சுமை குறையும் என்பதும் அதே இயற்பியல்தான். எங்களுக்கு முன்னால் அம்மா போயிருந்தார். மாமன் மகளுக்கு முன்னால் நான் கொஞ்சம் போனேன். இன்று அவள் நம் கல்லூரியில் முதலாண்டு கணிதம் படிக்கிறாள். அவள் ஊரிலிருந்து ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகள் இருவர், "நீங்க எத்தன மணிக்குக் கெளம்புறீங்க?" என்று விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ஐப்பசி மழையில் இரண்டு நாள் அவளால் வர முடியவில்லை. மற்ற நாள்களில் வருகைப் பதிவேடு பேசும்.

நெடுந்தொலைவு மிதிக்க விரும்பும் நண்பர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில சொற்கள். வைகாசி முதல் ஆடி வரை மேற்கு நோக்கிப் போவதானால் விடியுமுன் புறப்படுங்கள். பத்து மணிக்குள் நிழலை அடைந்துவிடுங்கள். வெறும் தண்ணீர் போதாது, உப்பு வேண்டும். பம்பு, ஸ்பூன், ரப்பர் துண்டு, சொல்யூஷன், ஒரு வால்டியூப் ஆகியவை கைக்குட்டைக்குள் அடங்கும். தலை சுற்றினால் மானம் பார்க்காமல் இறங்கிவிடுங்கள். வழியில் உதவுகிறவர்களின் பெயரையாவது கேட்டு வையுங்கள்.

வரும் கோடையில் நாங்கள் கடற்கரைச் சாலையில் தெற்கே தொண்டி வரை போக எண்ணியிருக்கிறோம். சேர விரும்பும் மாணவியர் இயற்பியல் துறையில் பெயர் கொடுக்கலாம். கியர் வைத்த வண்டி தேவையில்லை. அம்மாவும் வருகிறேன் என்கிறார்.